சேறு வீசப்பட்ட கதைக்கு அப்பால்: சாவித்திரிபாய் புலேயின் வாழ்வு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 3ஆம் நாள் கல்லூரி வாயில்களிலும் இயக்க அலுவலகங்களிலும் சாவித்திரிபாய் புலேயின் படத்துக்கு நாம் மாலை அணிவிக்கிறோம். மேடையில் பேசுவோர் பெரும்பாலும் ஒரே நிகழ்வைச் சொல்கின்றனர். பாடம் நடத்தச் சென்ற அவர்மீது புனே நகரத்து ஆதிக்கச் சாதியினர் சாணத்தையும் சேற்றையும் வீசினர். அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றார். இது சொல்லப்பட வேண்டிய நிகழ்வுதான். ஆயினும் ஏறத்தாழ ஐம்பதாண்டுப் பொதுவாழ்வை ஒரு புடவைக்குள் சுருட்டி வைத்துவிடுவது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி. அவர் தம் துணைவர் ஜோதிராவுக்கு எழுதிய கடிதங்களுள் மூன்று இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றுள் 1868 ஆகஸ்ட் 29 எனத் தேதியிட்ட கடிதத்தை வழக்குரைஞர்களாகிய நாங்கள் அவ்வப்போது எடுத்துப் படிப்பதுண்டு. இன்று நாம் ஆணவக் கொலை என்று பெயரிட்டு அழைக்கும் குற்றம் ஒன்று நிகழவிருந்த வேளையில் தடுக்கப்பட்ட செய்தி அதில் இருக்கிறது. அந்தச் செயலைச் செய்யும் மனத்திண்மை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அவருடைய முழு வாழ்வும் வேறு வெளிச்சத்தில் தெரியத் தொடங்குகிறது.

சத்தாரா மாவட்டத்தின் நைகாவ் என்னும் ஊரில் 1831இல் அவர் பிறந்தார். தந்தை கண்டோஜி நெவசே பாட்டீல், தாய் லட்சுமி. குடும்பம் மாலி சாதியைச் சேர்ந்தது; வருணக் கணக்கில் சூத்திரர், தீண்டாமைக்கு உள்ளானோர் அல்லர். 1840இல், ஒன்பது வயதில், பதின்மூன்று வயது ஜோதிராவுக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜோதிராவே முதல் ஆசிரியர். ஜோதிராவைத் தாயைப் போல வளர்த்த சகுணாபாயும் சாவித்திரிபாயோடு சேர்ந்து கற்றார். பின்னர் அகமதுநகரில் சிந்தியா ஃபெரார் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்மணியின் நிறுவனத்திலும் புனேயிலும் அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

1848இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. இன்றைய கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் வயது. மிஷனரிகள் அதற்கு முன்பே பெண்களுக்குப் பள்ளி நடத்தி வந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்நாட்டவரே, அதுவும் சூத்திரக் குடும்பத்தினர், பெண்களுக்காக நடத்திய பள்ளி என்பதுதான் புனேயைக் கொதிக்க வைத்தது. அடுத்த ஆண்டே சமூகத்தின் நெருக்குதலுக்கு ஆட்பட்டு ஜோதிராவின் தந்தை கோவிந்தராவ் இருவரையும் வீட்டை விட்டு வெளியேறச் செய்தார். அடைக்கலம் தந்தவர் உஸ்மான் ஷேக் என்ற இஸ்லாமியர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா ஷேக் சாவித்திரிபாயின் உடன் ஆசிரியரானார். ஃபாத்திமா என்றொருவர் வாழவே இல்லை என்று அண்மையில் சிலர் எழுதினர். 1856இல் உடல்நலம் குன்றித் தாய்வீட்டில் தங்கியிருந்த சாவித்திரிபாய், தாம் இல்லாத நாள்களில் ஃபாத்திமாவுக்கு வேலைச் சுமை கூடியிருக்குமே என்று கவலைப்பட்டு எழுதிய கடிதத்தை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

சாணமும் கல்லும் வீசப்பட்ட செய்தியை நமக்குத் தருபவர், பள்ளிக்குச் செல்லும் வழியில் அவருக்குத் துணையாக நடந்த பல்வந்த் சகாராம் கோல்ஹே. அவருடைய நினைவுக் குறிப்புகளைப் படித்தால் ஒன்று விளங்கும். வசவு, எச்சில், கல் ஆகியவை தற்செயலான வெறுப்பின் வெளிப்பாடுகளாக இருக்கவில்லை. நாள்தோறும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில், ஒரு பெண்ணின் மனத்தை முறித்து வீட்டுக்குள் திருப்பி அனுப்பும் நோக்கத்தோடு செய்யப்பட்டவை. இந்த முறையை நம் மாணவர்கள் நன்கறிவர். விடுதியில் பெயர் சொல்லி அழைக்காமல் சாதியைச் சுட்டும் கிண்டலால் அழைப்பது, ஆய்வக மேசையில் இடம் தராதது, மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படும் நாளில் ஒதுக்கீட்டைப் பற்றி உரக்கப் பேசுவது எல்லாம் அதே தெருவின் நீட்சிதான். இத்தனைக்கும் இடையில் சாவித்திரிபாய் உடையாமல் நின்றமைக்கு அவருடைய தனிப்பட்ட துணிச்சல் மட்டும் காரணமன்று. வழித்துணைக்குக் கோல்ஹே இருந்தார்; வகுப்பில் ஃபாத்திமா இருந்தார்; வீட்டில் ஜோதிராவ் இருந்தார்; தங்கிக்கொள்ள உஸ்மான் ஷேக்கின் வீடு இருந்தது. தம்மைத் தாங்கிய இந்த ஏற்பாட்டையே பிற்காலத்தில் அவர் பிறருக்கும் அமைத்துக் கொடுத்தார் என்பது எங்கள் வாசிப்பு.

1852ஆம் ஆண்டு சங்கராந்தியின்போது பெண்களுக்காக அவர் கூட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. மராட்டியத்தில் அந்நாளில் எள்ளும் வெல்லமும் பகிர்ந்துகொள்வது வழக்கம். மகளிர் சேவா மண்டல் என்ற அமைப்பின் பெயரால் அழைப்பு சென்றது. எந்தச் சாதியினர் ஆயினும் அனைவரும் ஒரே விரிப்பில் அமர வேண்டும் என்பது அழைப்பிலேயே தெரிவிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் புனேயின் விசிராம்பாக் வாடாவில் அரசு புலே இணையரின் கல்விப் பணியைப் பாராட்டிச் சிறப்புச் செய்தது. வரலாற்று நூல்கள் பாராட்டு விழாவைத்தான் பெரிதாக எழுதுகின்றன. எங்களுக்கோ அந்த விரிப்பே பெரிதாகப் படுகிறது. ஒரு மகர் பெண்ணின் அருகில் பிறசாதிப் பெண் அமர்ந்து எள் வாங்கி உண்பது அன்றைய புனேயில் சிறிய செயல் அன்று.

மகர், மாங் ஆகிய தீண்டப்படாதாராக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிப் பள்ளிகளும் அந்த ஆண்டுகளில் தொடங்கப்பட்டன. புலே இணையரின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி 1855இல், தம் பதினான்காம் வயதில், மாங், மகர் மக்களின் துயரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது ஞானோதயா என்ற இதழில் வெளியாயிற்று. பதினான்கு வயதுப் பிள்ளை என்ன எழுதியிருக்கும் என்று எண்ணுவோர் அதைப் படிக்க வேண்டும். வேதம் பார்ப்பனருக்கே உரியது எனில் வேதமில்லாத நாங்கள் எந்த மதத்தினர் என்று கேட்கிறார். மாளிகைகளின் அடித்தளத்தில் தம் மக்கள் புதைக்கப்பட்டதைச் சொல்கிறார். கூரையற்ற இடத்தில், வெயிலிலும் மழையிலும் தம் சாதிப் பெண்கள் பிள்ளை பெறும் கொடுமையைச் சொல்கிறார்; அது எத்தகைய வேதனை என்பதைத் தம் வீட்டுப் பெண்களின் பேறுகாலத்தை நினைத்துப் பாருங்கள் என்று ஆதிக்கச் சாதியினரை நோக்கிச் சொல்கிறார். அறிவையே மருந்தாக உட்கொள்ளுமாறு தம் மக்களை அழைக்கிறார்.

இக்கட்டுரையைத் தலித் இலக்கியத்தின் தொடக்கப் பிரதிகளுள் ஒன்றாகக் கொண்டாடுவது சரியே. மனநலம் பற்றிப் பேசுவோரும் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இழிவுபடுத்தப்பட்ட பிள்ளைக்கு முதலில் தோன்றுவது சினமன்று, நாணம். தன்னிடத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று அது நம்பத் தொடங்குகிறது. முக்தாவின் எழுத்தில் அந்த நாணம் இல்லை. தன் துயருக்கு வெளியில் காரணம் உண்டு, அதற்கு வரலாறு உண்டு, அதைச் செய்தவர் உளர் என்பதை அவர் அறிந்திருந்தார். மூன்றே ஆண்டுப் படிப்பில் அந்தத் தெளிவை ஒரு பள்ளி கொடுத்திருக்கிறது. 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவையும் 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியையும் நாம் இழந்தோம். அவ்விருவரின் தாய்மாரும் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடி, உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று கேட்டனர். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் நிறுவனங்கள் ஓர் உளவள ஆலோசகரை நியமிக்கின்றன. ஆலோசகர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாதியின் பெயரையே உச்சரிக்காத ஆலோசனை அறையில், முக்தா எழுதியதை ஒரு மாணவி வாய்திறந்து சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஐயம்.

மேலே குறிப்பிட்ட 1856 அக்டோபர் கடிதத்தில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. தாய்வீட்டில் அவருடைய உடன்பிறந்தார், மகர், மாங் மக்களுக்குத் தொண்டு செய்வதால் குடும்பத்துக்கே இழுக்கு என்றும் சாதி வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் இடித்துரைக்கிறார். ஆட்டையும் மாட்டையும் அன்பாகத் தடவிக் கொடுக்கிறீர், நாகபஞ்சமியில் நஞ்சுள்ள பாம்புக்குப் பாலூட்டுகிறீர், மனிதரை மட்டும் ஏன் தீண்ட மறுக்கிறீர் என்ற பொருளில் சாவித்திரிபாய் பதில் சொல்கிறார். நோயில் படுத்திருந்த இருபத்தைந்து வயதுப் பெண் தன் வீட்டுக்குள் நடத்திய வாதம் இது. மேடையில் பேசுவதைவிட வீட்டுக்குள் பேசுவது கடினம் என்பதை நம்மில் பலர் அறிவோம்.

1863ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜோதிராவின் நண்பர் ஒருவர் வீட்டில் சமையல் செய்து பிழைத்த காசிபாய் என்ற இளம் பார்ப்பனக் கைம்பெண், அண்டைவீட்டுச் சாஸ்திரி ஒருவரால் கருவுற்றார். அவர் கைவிட்டார். பிறந்த குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டதற்காகக் காசிபாய்க்கு அந்தமானுக்கு நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. சாஸ்திரிக்குத் தண்டனை ஏதுமில்லை. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சட்டம் மறுமணத்துக்கு வழிவிட்டது, ஊர் வழிவிடவில்லை. அந்தச் சட்டத்தால் காசிபாய்க்கு ஒரு நாள் தங்கும் இடத்தைக்கூடக் கொடுக்க முடியவில்லை.

புலே இணையர் தம் வீட்டிலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தைத் தொடங்கினர். கைம்பெண்கள் இங்கே வந்து பாதுகாப்பாகவும் மறைவாகவும் பிள்ளை பெறலாம், குழந்தையை விட்டுச் செல்வதும் எடுத்துச் செல்வதும் அவரவர் விருப்பம் என்று புனே நகரில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பேறு பார்த்தவர், குழந்தைகளை வளர்த்தவர் சாவித்திரிபாய். 1884க்குள் முப்பத்தைந்து பார்ப்பனக் கைம்பெண்கள் அங்கே வந்து பிள்ளை பெற்றதாக ஜோதிராவ் அரசுக்கு எழுதியிருக்கிறார். 1874இல் அவ்வாறு ஒரு பார்ப்பனக் கைம்பெண்ணுக்குப் பிறந்த ஆண்குழந்தையை இருவரும் தத்தெடுத்தனர். யஷ்வந்த் என்று பெயரிடப்பட்ட அப்பிள்ளை பிற்காலத்தில் மருத்துவரானார்.

தம்மைச் சாணத்தால் அடித்த சாதியின் பெண்களுக்கு அவர் ஏன் வீடு திறந்தார் என்ற கேள்வி பயிற்சி முகாம்களில் இளைஞர்களிடமிருந்து வருவதுண்டு. நியாயமான கேள்விதான். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் படித்த கட்டுரையில் அதற்கு விடை உண்டு. சாதி தன்னைத் தனித்து வைத்துக்கொள்ளச் சதியும், கட்டாயக் கைம்மையும், குழந்தை மணமும் கருவிகளாயின என்பது அவர் காட்டிய உண்மை. கைம்பெண்ணின் கருவை ஊர் அஞ்சியதற்கும் சேரியின் நிழலை ஊர் அஞ்சியதற்கும் வேர் ஒன்றே. கோட்பாடாக இது எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சாவித்திரிபாய் இதைத் தம் வீட்டுக்குள் கண்டறிந்திருந்தார். புலேவைத் தம் ஆசான்கள் மூவருள் ஒருவராக அம்பேத்கர் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. ஆசானோடு ஆசிரியையும் இருந்தார் என்பதை மட்டும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அந்த 1868ஆம் ஆண்டுக் கடிதம். புலே இணையர் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதாராக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டதும் அந்த ஆண்டில்தான். சாவித்திரிபாய் நைகாவில் இருந்தார். பஞ்சாங்கம் படித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றுவந்த கணேஷ் என்ற பார்ப்பன இளைஞரும், சார்ஜா என்ற மகர் சாதி இளம்பெண்ணும் காதல் கொண்டனர். சார்ஜா ஆறு மாதக் கருவுற்றிருந்தபோது செய்தி வெளியாயிற்று. ஊரார் இருவரையும் பிடித்து, அடித்து, தெருக்களில் இழுத்துச் சென்று, கொன்றுவிட ஆயத்தமாயினர். கேள்விப்பட்ட சாவித்திரிபாய் ஓடிவந்து கூட்டத்தின் நடுவில் நின்றார். கொலை செய்தால் ஆங்கிலேயரின் சட்டப்படி என்ன நேரும் என்பதை எடுத்துச் சொன்னார். கூட்டம் தயங்கியது. இருவரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனை எழுந்தது; இருவரும் ஒப்பினர். உயிர் தப்பிய இருவரும் அவர் காலில் விழுந்து அழுதனர். அவர்களைத் தேற்றுவதே அரிதாக இருந்தது என்று எழுதுகிறார். பிறகு அவர்களை ஜோதிராவிடம் அனுப்பி வைக்கிறார்.

இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறாண்டுகளே ஆகியிருந்தன. ஒரு சிற்றூரில், தன் சொந்த ஊர்க்காரர் முன்னால், சட்டத்தின் பெயரால் ஒரு பெண் கொலையை நிறுத்துகிறார். இதில் முழு வெற்றி இல்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இணையர் ஊரை இழந்தனர். அடித்தவர்கள் தண்டிக்கப்பட்டதாகக் கடிதம் சொல்லவில்லை. ஆனால் அவர் சட்டத்தைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கவனிக்கிறோம். அழுதவர்களோடு இருந்தார். போய்ச் சேர ஒரு வீட்டைக் காட்டினார். அந்த வீட்டில் கருவுற்ற பெண்ணுக்குப் பேறு பார்க்க ஏற்பாடு இருந்தது. சாதி கேட்காத தண்ணீர் இருந்தது.

எங்களிடம் நள்ளிரவில் ஓர் இணையர் வந்தனர். அந்தப் பெண் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர், பட்டப்படிப்பு இறுதியாண்டு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோருடன் போகுமாறு சொல்லியிருந்தனர். நாங்கள் மேசைமேல் சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் எடுத்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தோம். இடையில் அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார்: இன்றிரவு எங்கே படுப்பது? எங்களிடம் விடை இல்லை. தோழர் ஒருவரின் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினோம். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் அமைக்க ஆணையிட்டது. மாவட்டத் தலைநகரில் பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மட்டும் மாநில அரசுகளின் பரிசீலனைக்கு விட்டது. மற்றவை அனைத்துக்கும் அந்த இல்லமே அடிப்படை என்பது நைகாவிலிருந்து கடிதம் எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

1873 செப்டம்பரில் சத்தியசோதக் சமாஜம் தோன்றியது. புரோகிதர் இல்லாத திருமணங்களை அது நடத்தியது. முதல் திருமணங்களுக்குச் சாவித்திரிபாயே முன்னின்று செலவும் செய்தார். 1876-77 பஞ்சத்தில் நிவாரணப் பணி. 1877 ஏப்ரலில் ஜுன்னர் பகுதியின் ஓதூரிலிருந்து எழுதிய மூன்றாம் கடிதத்தில், வட்டிக்கடைக்காரர் மக்களைச் சுரண்டியதையும் சமாஜத் தொண்டர்கள் கைது செய்யப்பட்டதையும் சொல்கிறார். அவர் மாவட்ட ஆட்சியரை நேரில் கண்டு வாதாடித் தோழர்களை விடுவித்தார். 1889இல் யஷ்வந்துக்குத் திருமணம் நிச்சயமானபோது, மணமகள் ராதாவை முன்னதாகவே தம் வீட்டில் வந்து தங்கச் செய்தார். புதிய வீட்டின் போக்கை அந்தப் பெண் தானே பார்த்து அறிந்துகொள்ளட்டும் என்பது எண்ணம். ஒன்பது வயதில் கேட்பாரின்றி மணம் செய்து கொடுக்கப்பட்டவர் தம் மருமகளுக்கு அளித்த உரிமை அது.

1890 நவம்பர் 28இல் ஜோதிராவ் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச்சட்டியை ஏந்துபவருக்கே வாரிசுரிமை என்பது வழக்கம். தத்துப்பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை என்று உறவினர் தகராறு செய்தனர். சாவித்திரிபாய் சட்டியைத் தாமே கையிலெடுத்து ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். சிதைக்குத் தீ மூட்டியவரும் அவரே. பெண்கள் சுடுகாட்டுக்கே செல்லாத காலம் அது; நம் ஊர்களில் இன்னும் முழுதாக மாறியும் விடவில்லை. துணைவரை இழந்த பின்னர் சமாஜத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். 1893இல் சாஸ்வடில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

1897இல் புனேயைப் பிளேக் தாக்கியது. நோயாளிகளைச் சோதனை செய்து பிரித்து அடைப்பதில் காட்டப்பட்ட கடுமை மக்களிடம் அச்சத்தை விதைத்திருந்தது. சேரிகளில் நோய் கண்டவரை எடுத்துச் செல்ல ஆளில்லை. ராணுவ மருத்துவப் பணியிலிருந்த யஷ்வந்தை வரவழைத்து, ஹடப்சர் அருகே திறந்த வெளியில் ஒரு மருத்துவமனையைச் சாவித்திரிபாய் தொடங்கினார். வயது அறுபத்தாறு. நோயாளிகளைத் தேடி அவரே சென்றார். முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் பாண்டுரங் கெய்க்வாட் என்ற சிறுவனுக்கு நோய் கண்டிருப்பதை அறிந்து, அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நோய் அவரையும் பற்றிக்கொண்டது. மார்ச் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது.